கேளாமல் பெற்ற கடன்

மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்று கிழக்கே நோக்கினால், காயலுக்கு அப்பால் வில்லிங்டன் தீவு தெரியும். 1999-ஆம் ஆண்டில் நெடும்பாசேரி விமான நிலையம் திறக்கப்படும் வரையில், கொச்சிக்கு வந்த பயணி விமானங்கள் அத்தீவின் கடற்படைத் தளத்திலேயே இறங்கின. கப்பற் சுமை இறக்குவோரும் விமானம் செலுத்துவோரும் அருகருகே உழைத்த இடம் அது. இருவர் ஊதியத்துக்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு உண்டு. ஆயினும், முதலாளியின் வாக்கை மட்டும் நம்பி உழைக்கலாமா என்னும் வினா இருவர்க்கும் பொதுவானதே.

துறைமுகத் தொழிலாளர் இவ்வினாவை முன்னரே எழுப்பினர். வேலை தேடி நிற்கும் கூட்டத்தின் நடுவே உலோக வில்லைகளை வீசியெறிவதும், பிடித்தவர்க்கு மட்டும் அன்றைய வேலை கொடுப்பதும் அந்நாளைய வழக்கம். ‘சாப்பா’ என்ற அம்முறையை எதிர்த்துப் போராடியோர்மீது 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் பலியாயின. வேலை என்பது ஒருவர் விருப்பப்படி எறியப்படும் பொருளாக இராமல், விதிக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பதே அப்போராட்டத்தின் உட்பொருள்.

இனி விமானிகளின் நிலையைப் பார்ப்போம். 1993-இல் பறக்கத் தொடங்கிய ஜெட் ஏர்வேஸ் கம்பெனி, 2018-இல் எரிபொருள் விலையேற்றத்தாலும் கட்டணப் போட்டியாலும் பெருநஷ்டத்தில் ஆழ்ந்தது. சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளுமாறு விமானிகள் கேட்கப்பட்டனர், அவர்கள் இசையவில்லை. பின்னர் சம்பளமே தவணை தவறலாயிற்று. 2019 ஏப்ரல் 1 முதல் பறப்பதில்லை என்று அறிவித்த விமானிகள் சங்கம், கம்பெனி பிழைக்கட்டும் என்று அம்முடிவை இருமுறை தள்ளிவைத்தது. பாங்குகளின் அவசரக் கடன் கிடைக்கவில்லை; ஏப்ரல் 17 அன்று விமானங்கள் நின்றன.

சம்பளம் பெறாமல் உழைத்த ஒவ்வொரு மாதமும், விமானி தம் கம்பெனிக்குக் கடன் கொடுத்தார் என்றே நாம் கொள்ள வேண்டும். பாங்கு கடன் கொடுக்குமுன் ஈடு கேட்கும், பத்திரம் எழுதும், வட்டி குறிக்கும். உழைப்பாளியின் கடனுக்கோ ஈடும் இல்லை, பத்திரமும் இல்லை. 2024 நவம்பர் 7 அன்று அக்கம்பெனியைக் கலைத்துவிடுமாறு சுப்ரீம் கோர்ட்டு ஆணையிட்டது. ஐந்தாண்டுகளுக்கு மேலாகியும் ஊழியர் பாக்கி அப்போதும் தீர்ந்தபாடில்லை.

சட்டம் முற்றும் கைவிடவில்லை. 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி, கம்பெனி கலைக்கப்படும்போது, தொழிலாளரின் 24 மாதப் பாக்கியும் ஏனைய ஊழியரின் 12 மாதப் பாக்கியும் முன்னுரிமை பெறுகின்றன. சேமநிதியும் பணிக்கொடையும் கடன்காரர் பங்கிடும் சொத்தில் சேரா.

விட்டுக்கொடுப்பதே தவறு என்பது நம் கருத்தன்று. அமெரிக்காவில் 1994-இல் யுனைட்டட் விமானக் கம்பெனியின் விமானிகள் முதலிய ஊழியர், சம்பளக் குறைப்புக்கு ஈடாகக் கம்பெனியின் 55 சதவீதப் பங்குகளைப் பெற்றனர். ஆனால் 2002-இல் அக்கம்பெனி திவாலானபோது, பங்குகளின் மதிப்பும் கரைந்தது. ஆதலால் ஈடாக எதைப் பெறுகிறோம் என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

சொந்த ஊரில் கடை பாக்கி சொல்லிக் காலந்தள்ளலாம். மொழி வேறான மாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு, ஒரு மாதச் சம்பளம் நின்றாலே வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் கழுத்தை நெரிக்கும். முதலாளி பொறுத்துக்கொள்ளச் சொன்னால் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம்: எவ்வளவு குறைவு? எத்தனை மாதம்? எப்போது திருப்பித் தரப்படும்? விடையை எழுத்தில் பெறுவோம். தனித்தனியே கேளாமல் சங்கமாகக் கேட்போம். சம்பளச் சீட்டையும் சேமநிதிக் கணக்கையும் மாதந்தோறும் சரிபார்த்து வருவோம். பாக்கி விழுந்தால் நம் கையிலிருக்கும் பத்திரம் அவையே.