ஒரு சர்வாதிகாரியை இறக்கிவிட எவ்வளவு ஆகும்?

போரூரிலிருந்து வரும் மவுண்ட் – பூந்தமல்லி சாலை கரையான்சாவடியில் ஆவடி சாலையைச் சந்திக்கிறது. வலது கைப் பக்கம் திரும்பி எட்டு, ஒன்பது கிலோமீட்டர் போனால் ஆவடி. ஊர்க்காரர்கள் 'டேங்க் பேக்டரி' என்று சொல்லும் கனரக வாகனத் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. திரும்பாமல் கரையான்சாவடியிலேயே இறங்கினால், குண்டுவெடிப்பு வழக்குகளை விசாரிக்கும் தனி நீதிமன்றம். இந்தியா பக்கத்து நாட்டுக்குள் பெரும்படை அனுப்பிய சந்தர்ப்பங்களில் இரண்டு 1971, 1987. முதல் போருக்கு டேங்க் செய்து கொடுத்தது ஆவடி. இரண்டாவது போரின் பாக்கி வந்து விழுந்தது கரையான்சாவடியில்.

ஏதோ ஒரு நாட்டில் சர்வாதிகாரி ஆட்டம் காணும்போதெல்லாம் ஒரே விவாதம்தான் திரும்ப வருகிறது. மக்களைக் கொல்கிறானே, சும்மா பார்ப்பதா என்பது ஒரு கட்சி. அடுத்தவன் வீட்டு விவகாரம், நமக்கென்ன என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் நியாயம் பேசும், கணக்கு பேசாது. போன செலவு, வந்த செலவு, திரும்பிய தலைகள் என்று வரிசையாக எழுதிப் பார்த்தால் விவாதம் வேறு இடத்துக்கு நகர்கிறது.

முதல் பேரேடு: 1971

ஜெனரல் யாஹியா கான் பாகிஸ்தான் ஆட்சியைக் கையில் எடுத்தது 1969 மார்ச் 25. சர்வாதிகாரிகள் வழக்கமாகச் செய்யாத ஒன்றை அவர் செய்தார்: நேர்மையான தேர்தல் நடத்தினார். 1970 டிசம்பர் 7 அன்று தொடங்கிய அந்தத் தேர்தலில் கிழக்கு வங்கத்தின் 162 பொது இடங்களில் 160ஐ ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் பிடித்தது. மேற்கில் பூட்டோ கட்சிக்குக் கிடைத்தது 81. நாடு முழுவதற்கும் பொது இடங்கள் 300. முஜிப் தனிப் பெரும்பான்மை. முடிவைப் பார்த்ததும் யாஹியாவுக்கு ஆட்சியை ஒப்படைக்க மனம் வரவில்லை. பதவியேற்ற இரண்டாம் ஆண்டு நிறைவு நாளான 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் ராணுவம் சுட ஆரம்பித்தது.

எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. வங்கதேச அரசு 30 லட்சம் என்கிறது; 3 லட்சத்திலிருந்து தொடங்கும் மதிப்பீடுகளும் உண்டு. இந்தியாவுக்கு ஓடி வந்தவர்களின் கணக்கு அப்படியல்ல, தலை எண்ணி எழுதியது. டிசம்பர் 1 நிலவரம்:

மேற்கு வங்கம்: 492 முகாம்கள், 72.36 லட்சம் பேர்
திரிபுரா: 276 முகாம்கள், 13.82 லட்சம்
மேகாலயா: 17 முகாம்கள், 6.68 லட்சம்
அசாம்: 28 முகாம்கள், 3.48 லட்சம்
மத்தியப் பிரதேசம்: 3 முகாம்கள், 2.19 லட்சம்
பீகார்: 8 முகாம்கள், 0.37 லட்சம்
உத்தரப் பிரதேசம்: 1 முகாம், 0.10 லட்சம்
மொத்தம்: 825 முகாம்கள், 98,99,305 பேர்

முகாம்களில் இருந்தவர்கள் 68 லட்சம். மீதி 31 லட்சம் பேர் உறவினர், தெரிந்தவர் வீடுகளில் ஒண்டிக்கொண்டார்கள். அன்றைய தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4.12 கோடி, அதில் நாலில் ஒரு பங்கு எட்டு மாதத்தில் எல்லை தாண்டி வந்தது போல. சராசரி போட்டால் நாளொன்றுக்கு 39,000 பேர். திரிபுராவின் சொந்த மக்களே 15.56 லட்சம்தான், அங்கே ஊர்க்காரர் ஒருவருக்கு ஏறக்குறைய ஒரு அகதி வீதம்.

இவர்களை 1972 மார்ச் வரை தாங்க 70 கோடி டாலர் ஆகும் என்று உலக வங்கி மதிப்பிட்டது. டாலர் ஏழரை ரூபாய் விற்ற காலம். 525 கோடி ரூபாய். தலைக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 530 ரூபாய், ஒரு நாளைக்கு ஒன்றரை ரூபாய்க்கும் குறைவு. ஐ.நா. வழியாக உலகம் திரட்டிக் கொடுத்தது சுமார் 18 கோடி டாலர், அதாவது நாலில் ஒரு பங்கு. மற்றது நம் பை.

அந்தப் பையில் பூந்தமல்லிக்காரரின் காசும் உண்டு. 1971 நவம்பர் 15 முதல் தபாலில் 5 பைசா அகதிகள் நிவாரணத் தலை கூடுதலாக ஒட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. புதுத் தலை அச்சாகி வரும்வரை காத்திருக்க நேரமில்லை. கைவசம் மலையாகக் கிடந்த 5 பைசா குடும்பக் கட்டுப்பாட்டுத் தலையின் மேலேயே 'அகதிகள் நிவாரணம்' என்று அச்சடித்து விற்றார்கள். 'அளவான குடும்பம்' என்று அரசு ஊருக்கெல்லாம் சொல்லிவந்த தலையின் முதுகில் ஒரு கோடிப் பேரின் சாப்பாட்டுச் செலவு ஏறியது. 1973 மார்ச் வரை அந்த 5 பைசா நீடித்தது. வங்காளத்தின் திசைகூடத் தெரியாதவர்களும் கடிதத்துக்குக் கடிதம் அந்தப் போரின் பங்கைக் கட்டினார்கள்.

அகதிகளை ஆண்டுக்கணக்கில் தாங்குவதைவிடப் போர் மலிவு என்ற வாதம் டெல்லியில் எழுந்தது இந்தப் பின்னணியில்தான். திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம், அப்போது பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர், இந்தியா தலையிட வேண்டும் என்று வெளிப்படையாக எழுதினார். ஏப்ரலிலேயே கிளம்ப வேண்டும் என்ற பேச்சுக்குத் தளபதி மானெக்‌ஷா இசையவில்லை: மழைக்காலம் முடிய வேண்டும், வடக்கே பனி இறங்கிச் சீன எல்லைக் கணவாய்கள் மூட வேண்டும் என்றார். காத்திருந்த ஒவ்வொரு நாளுக்கும் செலவு ஏறியது. ஆனால் தயாராக அவகாசம் கிடைத்தது.

கையெண்ணிக்கை

உலக மன்றத்தில் நம் பக்கம் எத்தனை பேர்? டிசம்பர் 4, 5, 13 என மூன்று முறை பாதுகாப்பு மன்றத்தில் போர்நிறுத்தத் தீர்மானம் வந்தது. மூன்று முறையும் சோவியத் ரஷ்யா வீட்டோ போட்டது. டிசம்பர் 7 பொதுச்சபையில் போரை நிறுத்து, படையைத் திரும்பப் பெறு என்ற தீர்மானத்துக்கு ஆதரவு 104, எதிர்ப்பு 11, நடுநிலை 10. சரித்திரம் இன்று பாராட்டும் தலையீட்டுக்கு அன்று கிடைத்த ஓட்டு 125இல் 11. கொலையை நேரில் கண்டு, நிக்சன் அரசின் மௌனத்தைக் கண்டித்து ஏப்ரல் 6 அன்று தந்தி அனுப்பிய டாக்காவின் அமெரிக்கக் கான்சல் ஜெனரல் ஆர்ச்சர் பிளட்டுக்குக் கிடைத்தது இடமாற்றம்.

13 நாள்

டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் நம் விமானதளங்களைத் தாக்கின. டிசம்பர் 16 மாலை டாக்காவில் பாகிஸ்தான் ஜெனரல் நியாசி சரணடைந்தார். கைதிகள் 93,000. நம் தரப்பில் இரு முனைகளிலும் இறந்தவர்கள் 3,843, காயமடைந்தவர்கள் 9,851.

ஆவடியின் பங்கை மிகைப்படுத்தக் கூடாது. கிழக்கே ஆறுகளைத் தாண்டியவை சோவியத் பிடி-76 ரகம். ஆவடியில் செய்த விஜயந்தா நின்றது மேற்கு எல்லையில். 39 டன் எடை, 105 மி.மீ. பீரங்கி, உள்ளே நாலு பேர். பிரிட்டிஷ் விக்கர்ஸ் வடிவமைப்பு. முதல் 90 டேங்குகள் இங்கிலாந்திலிருந்து வந்தன, 1965 முதல் ஆவடி தானே செய்ய ஆரம்பித்தது. 1980களின் தொடக்கம் வரை சுமார் 2,200 டேங்குகள் அந்தக் கதவைத் தாண்டின.

வரவுப் பக்கம் இதுதான்: 1972 பிப்ரவரி முடிவதற்குள் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் ஊர் திரும்பிவிட்டார்கள். மார்ச் 25 நிலவரப்படி மீதி சுமார் 60,000. இந்தியப் படையின் விடைபெறும் அணிவகுப்பு மார்ச் 12 அன்று டாக்காவில் நடந்தது. சரணடைந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மேற்கே பிடித்த சுமார் 13,000 சதுர கிலோமீட்டர் நிலம் சிம்லா ஒப்பந்தத்தில் திருப்பிக் கொடுக்கப்பட்டது. கைதிகளும் 1974 ஏப்ரலுக்குள் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

யாஹியா கான் என்ன ஆனார்? டிசம்பர் 20 பதவி விலகினார். வீட்டுக்காவல். நீதிபதி ஹமூதுர் ரஹ்மான் ஆணையம் அவரை விசாரித்துத் தண்டிக்கச் சொன்னது, வழக்கே நடக்கவில்லை. 1980 ஆகஸ்ட் 10 ராவல்பிண்டியில் நோயில் இறந்தார். அவர் நடத்திய தேர்தலில் 160 இடம் வென்ற முஜிப் 1975இல் குடும்பத்தோடு சுட்டுக் கொல்லப்பட்டார். 81 இடம் வென்ற பூட்டோ 1979இல் தூக்கிலிடப்பட்டார். சர்வாதிகாரி தண்டிக்கப்படுவான் என்ற வரவை எதிர்பார்த்துக் கணக்கு போட்டால் 1971உம் நஷ்டம்தான்.

இரண்டாம் பேரேடு: 1987

இலங்கைக்குப் போனது ஆட்சியாளரை இறக்க அல்ல. ஜெயவர்த்தனே தேர்தலில் வென்றவர். அவர் கையெழுத்தோடுதான் போனோம். 1987 ஜூன் 4 யாழ்ப்பாணத்தின் மேல் ஐந்து ஏ.என்.-32 விமானங்கள் உணவுப் பொட்டலம் போட்டன. ஜூலை 29 ஒப்பந்தம். மறுநாளே அணிவகுப்பு மரியாதையில் ராஜீவ் காந்தியை ஒரு இலங்கைக் கடற்படை வீரர் துப்பாக்கிக் கட்டையால் தாக்கினார். அமைதி காக்கப் போன படை அக்டோபர் 10 முதல் விடுதலைப் புலிகளுடன் போரில் இறங்கியது.

இந்திய வீரர்கள் இறப்பு: 1,165
காயம்: 3,009
செலவு: மதிப்பீட்டின்படி 1,000 கோடி ரூபாய்க்கு மேல்
காலம்: 32 மாதம் (கடைசிப் படை 1990 மார்ச் 24 கிளம்பியது)

யாழ்ப்பாண மருத்துவமனையில் அக்டோபர் 21, 22 இரு நாளில் மருத்துவர், தாதியர், நோயாளிகள் என 60க்கும் மேற்பட்டோர் இந்தியப் படையின் துப்பாக்கிக்கு இறந்தது இந்தப் பட்டியலில் வராது. எதிர்த்தரப்பு மக்களின் உயிர் நம் பேரேட்டில் எழுதப்படுவதில்லை. கூப்பிட்ட கொழும்பே 1989 ஜூனில் வெளியே போகச் சொன்னது. திரும்பி வந்த படையை வரவேற்கச் சென்னைத் துறைமுகத்துக்கு முதல்வர் கருணாநிதி போகவில்லை.

மீதி பாக்கி நம் சாலையில் வந்தது. 1991 மே 21 இரவு போரூர், பூந்தமல்லி எனப் பேசிக்கொண்டே ஸ்ரீபெரும்புதூர் போன ராஜீவ் அங்கே புலிகளால் கொல்லப்பட்டார். வழக்கு பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில் நடந்தது: குற்றம் சாட்டப்பட்டோர் 41, அவர்களில் 12 பேர் இறந்துபோனவர்கள், 3 பேர் தலைமறைவு, விசாரிக்கப்பட்டவர்கள் 26. அரசுத் தரப்புச் சாட்சிகள் 288. 1998 ஜனவரி 28 தீர்ப்பில் 26 பேருக்கும் தூக்கு. 1999 மே 11 உச்ச நீதிமன்றம் 4 தூக்கு, 3 ஆயுள் என்று குறைத்து 19 பேரை வெளியே விட்டது. தூக்கு ஒன்றுகூட நிறைவேறவில்லை. கடைசி ஆறு பேரை விடுதலை செய்யும் உத்தரவு வந்தது 2022 நவம்பர் 11. 1987இல் திறந்த கோப்பு மூட 35 ஆண்டு.

அகதிக் கணக்கு இன்னும் மூடவில்லை. 1983 முதல் தமிழ்நாட்டுக்கு வந்த இலங்கைத் தமிழர் 3,04,269 பேர். 2021இல் 108 முகாம்களில் 58,822 பேரும், வெளியே 34,087 பேரும் இருந்தார்கள். பூந்தமல்லி அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்திலேயே கும்மிடிப்பூண்டியில் ஒரு முகாம். வங்க அகதிகள் 99 லட்சம் பேரில் ஏறக்குறைய எல்லோரும் நாலு மாதத்தில் திரும்பினார்கள். இங்கே 38 ஆண்டு கழித்தும் சுமார் 93,000 பேர்.

மூன்றாவது, மற்றவர் செலவில்

2011 மார்ச் 17 பாதுகாப்பு மன்றத்தில் லிபியா மேல் பறக்கத் தடை விதிக்கும் தீர்மானம் 10 ஓட்டில் நிறைவேறியது. எதிர்ப்பு இல்லை, நடுநிலை 5, அதில் இந்தியா ஒன்று. அதற்கு முன்பே அங்கிருந்த சுமார் 18,000 இந்தியரில் 15,400 பேரைக் கப்பலிலும் விமானத்திலும் அழைத்து வந்துவிட்டோம். நேட்டோ ஏழு மாதத்தில் 26,000க்கும் மேல் முறை பறந்தது. அமெரிக்கச் செலவு சுமார் 110 கோடி டாலர். 42 ஆண்டு ஆண்ட கடாபி அக்டோபர் 20 சிர்த் நகரில் கொல்லப்பட்டார். பதினோரு நாளில் நேட்டோ கடையைக் கட்டியது. 2014இல் நாடு இரண்டு அரசுகளாகப் பிளந்தது. 2021 டிசம்பர் 24க்கு வைத்த தேர்தல் நடக்கவே இல்லை. போகும் செலவு மலிவு. ஒப்படைக்க ஆள் இல்லை.

கூட்டிக் கழித்தால்

உயிர்ச் செலவை மட்டும் பார்த்தால் நமக்கு 1971தான் கனம்: 3,843க்கு எதிரே 1,165. ஆனாலும் 1971 மூடிய கணக்கு. ஆட்சியாளரின் கொடுமை அளவோ ஐ.நா.வின் ஓட்டோ வித்தியாசத்துக்குக் காரணமல்ல. கொடுமைக்குக் கடாபியும் குறைந்தவர் அல்ல. ஓட்டோ 1971இல் நமக்கு மிகக் குறைவு. டாக்காவில் சாவியை வாங்கிக்கொள்ள 160 இடம் வென்ற ஒரு கட்சி தயாராக இருந்தது. யாழ்ப்பாணத்தில் கையெழுத்துப் போட்டவர் ஒருவர், துப்பாக்கி வைத்திருந்தவர் வேறொருவர். லிபியாவில் சாவியே கேட்பாரற்றுக் கிடந்தது.

அடுத்த முறை எந்த நாட்டுக்காவது படை போகலாமா என்று டிவியில் கத்தும்போது, அந்த ஆள் எவ்வளவு கெட்டவன் என்று ஒருமணி நேரம் பேச வேண்டியதில்லை. அது பெரும்பாலும் தெரிந்ததுதான். சாவியை யார் கையில் கொடுப்பீர்கள், அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் எத்தனை பேர், திரும்பும் தேதி என்ன? இந்த மூன்றுக்கும் எண்ணோ பெயரோ சொல்ல முடியாதவர் கேட்பது வெற்றுக் காசோலையில் கையெழுத்து. அதற்குக் கட்டிய வட்டி என்ன என்பது 1991க்குப் பின் பூந்தமல்லி வட்டாரத்தில் எவருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.