தொகுப்பவர் கையிலுள்ள சட்டம்

சட்டத்தை இயற்றுபவரையே நாம் பெரிதும் கவனிக்கிறோம். அதனைத் தொகுப்பவரின் அதிகாரத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. மத்தியகால ஐரோப்பாவின் திருச்சபைச் சட்டவரலாறு இவ்வதிகாரத்தை நன்கு உணர்த்துகின்றது.

ஆயர் பேரவைகளின் தீர்மானங்கள், பாப்பரசர்களின் கடிதங்கள் என நூற்றாண்டுகளாகக் குவிந்த விதிகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. 1140 ஆம் ஆண்டளவில் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் கிரேஷியன் என்பவர் அவற்றை ஒழுங்குபடுத்தினார். முரண்படும் விதிகளை அருகருகே வைத்து, எது பொதுவிதி, எது விதிவிலக்கு என ஆராய்ந்து இணக்கம் கண்டார். தனிமனித முயற்சியான இந்நூல் விரைவிலேயே சட்டக்கல்வியின் பாடநூலாயிற்று.

1234 இல் பாப்பரசர் 9 ஆம் கிரகோரி, பெனாஃபோர்ட்டின் ரெய்மண்டைக் கொண்டு பிற்கால ஆணைகளைத் தொகுப்பித்து, நீதிமன்றங்களும் கல்விக்கூடங்களும் அதனையே பயன்படுத்தப் பணித்தார். ரெய்மண்ட் பல கடிதங்களைச் சுருக்கினார், சிலவற்றைத் திருத்தினார், வேறு பலவற்றை விலக்கினார். ஒருவர் விலக்கியது சட்டவலுவை இழந்தது.

சேர்த்தலிலும் ஆபத்து இருந்தது. 9 ஆம் நூற்றாண்டில், ஆயர்களை எளிதில் பதவிநீக்க முடியாதவாறு காக்கும் நோக்குடன், ஆதிப் பாப்பரசர்களின் பெயரில் பிராங்கிய நாட்டில் கடிதங்கள் புனையப்பட்டன. அவற்றுட் பல கிரேஷியனின் நூலிலும் புகுந்தன. அவை போலியென்பதை 1628 இல் டேவிட் புளொண்டெல் ஐயத்துக்கிடமின்றி நிறுவினார்.

முரண்பாட்டை மறைக்காது முன்வைத்த கிரேஷியனின் நேர்மை போற்றத்தக்கது. ஆயினும், மூலத்தைச் சோதியாத தொகுப்பு பொய்யையும் சட்டமாக்கிவிடும் என்பதை நாம் மறத்தலாகாது.