ஒரே கோட்டில் விடை!

கடையில் 2 தேங்காயும், 1 சீப்பு வாழைப்பழமும் வாங்கினீர்கள். 110 ரூபாய் ஆயிற்று.

பக்கத்து வீட்டு அம்மாள் 1 தேங்காயும், 1 சீப்புப் பழமும் வாங்கினார். 80 ரூபாய் ஆயிற்று.

தேங்காய் என்ன விலை?

ஒரு தேங்காய்க்கு 30 ரூபாய் கூடியிருக்கிறது. ஆகவே, தேங்காய் 30 ரூபாய். சீப்பு 50 ரூபாய்.

இதில் தெரியாதவை இரண்டுதான். பாலம் கட்டும் என்ஜினீயருக்குத் தெரியாதவை ஆயிரம் இருக்கும். அதைக் கம்ப்யூட்டர்தான் போட வேண்டும்.

மாணவர்களுக்காக

1970-களில் அதுவும் எளிதாக இல்லை. கணக்கைக் கேட்பதற்கே, 'போர்ட்ரான்' என்ற கம்ப்யூட்டர் மொழியில் நீளமாக எழுத வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கிளீவ் மோலர், தம் மாணவர்களுக்கு இந்தத் தொல்லை வேண்டாம் என்று நினைத்தார். 'மேட்லாப்' என்ற மென்பொருளை எழுதினார். 1984-ல் அது விற்பனைக்கு வந்தது.

அதில், வாங்கிய அளவுகளை ஒரு பக்கமும், கொடுத்த பணத்தை மறுபக்கமும் வைத்து, நடுவே இடப்பக்கம் சாய்ந்த கோடு ஒன்று போட்டால் போதும். விடை வந்துவிடும்!

எச்சரிக்கை

பக்கத்து வீட்டு அம்மாள் 4 தேங்காயும், 2 சீப்பும் 220 ரூபாய்க்கு வாங்கியிருந்தால்?

அது உங்கள் கணக்கின் இரட்டிப்புத்தான். தேங்காய் 30 ரூபாயாகவும் இருக்கலாம்; 40 ரூபாயாகவும் இருக்கலாம்.

அப்போது மேட்லாப் எச்சரிக்கும். இரு கணக்குக்கும் மயிரிழை வித்தியாசமே இருந்தால், எச்சரிக்கையோடு ஒரு விடையும் தரும்.

எச்சரிக்கையைப் படிக்காமல், அந்த விடையை நம்பிப் பாலம் கட்டலாகாது!