குடகர் இல்லத்துப் புத்தரி

நெல் முற்றிய காலத்து முதற் கதிரை இறைவன் திருமுன் வைத்து, அதன் பின்னரே புத்தரிசி உண்ணும் வழக்கம் தென்னாட்டிற் பலவிடத்தும் உண்டு. நாஞ்சில் நாட்டுத் திருக்கோயில்களில் அது ‘நிறைபுத்தரிசி’ என வழங்கும். யாழ்ப்பாணத்தார் தைப்பூச நன்னாளிற் ‘புதிர்’ எடுப்பர். ஆயின் இவ்வழக்கைக் குடும்பம் முழுதும் ஓரிடத்துக் கூடும் இல்லப் பெருவிழாவாகப் போற்றி வருவோர், காவிரி பிறக்கும் குடகு நாட்டிலுள்ள கொடவர். அவ்விழாவின் பெயர் புத்தரி.

புதுமை, அரி என்னும் இரு சொற்களின் புணர்ப்பே இப்பெயர். அரி என்பது தமிழில் அரிந்த நெற்கற்றையை உணர்த்தும். மலையாளத்தில் அரிசியையே உணர்த்தும். எப்பொருள் கொள்ளினும் இழுக்கின்று. கன்னடத்தார் இதனை ‘ஹுத்தரி’ என்பர். பால் ‘ஹாலு’ எனவும் பல் ‘ஹல்லு’ எனவும் அம்மொழியிற் றிரிந்தவாறே இதுவும் திரிந்தது. கொடவர் மொழியோ பகரத்தை விடாது காத்து நிற்கின்றது.

விழா நாளை இல்லத்தார் தாமே வரைந்துகொள்வதில்லை. கக்கப்பையை அடுத்த பாடி என்னும் இடத்தில் இக்குத்தப்பன் திருக்கோயில் உளது. மழையும் தானியமும் அருளுபவன் என அந்நாட்டார் வழிபடும் இக்குத்தப்பனைச் சுப்பிரமணியக் கடவுளாகவே கொள்வர். ஆண்டுதோறும் அக்கோயிற்கண் கூடி நாளும் நாழிகையும் கணித்து அறிவிப்பர். நம் நாட்டிற் கார்த்திகை விளக்கீடு நிகழும் நிறைமதியை ஒட்டி, உரோகிணி கூடும் இரவே பெரும்பாலும் புத்தரிக்கு வாய்ப்பது. ஆறுமுகப் பெருமானுக்குரிய விழாக்காலமும் புத்தரியும் இங்ஙனம் அடுத்தடுத்து நிற்றல் நோக்கத்தக்கது. இலை கட்டுதல், கதிர் எடுத்தல், உணவு கொள்ளுதல் என்னும் மூன்றற்கும் தனித்தனி வேளை குறிக்கப்படும். அவ்வேளைகளும் திருக்கோயிலுக்கு முன்னதாகவும், ஊரார்க்குச் சிறிது பிந்தியும் அமையும். இறைவன் கதிர் எடுத்த பின்னரே குடிகள் கதிர் எடுப்பர் என்பது இதனாற் பெறப்படும்.

இனி இல்லத்தில் நிகழ்வன காண்போம். கொடவருட் டந்தைவழிக் குடும்பம் ‘ஒக்க’ எனப்படும். இல்வாழ்வான் ஓம்பக் கடவாருள் சுற்றத்தை எண்ணிய திருவள்ளுவனார் ‘ஒக்கல்’ என ஆண்ட சொல்லுக்கு இஃது உறவுடைய சொல். ஒவ்வோர் ஒக்கவுக்கும் ‘ஐன்மனெ’ என்னும் முன்னோர் வீடு ஒன்று உண்டு. எங்கெங்கோ வாழும் மக்களும் புத்தரியன்று அவ்வீட்டிற் றிரள்வர். நடுக்கூடத்தில் விளக்கேற்றி மூத்தோர் முன்நிற்க, குலமுதல்வராகிய காரணவரையும் குலதெய்வத்தையும் நினைந்து வழிபடுவர். மா, அரசு முதலாய ஐவகை இலைகளைச் சேர்த்துக் கட்டி வைப்பர். குறித்த வேளை வந்ததும் விளக்கொடு வயலுக்குச் செல்வர். அதற்கென அமைந்த ஒருவர் அரிவாள் கொண்டு கதிர்களை ஒற்றைப்பட அரிவார். அப்போது வேட்டொலி எழும். ‘பொலி பொலி தேவா’ என்னும் ஆரவாரமும் உடனெழும். களத்துமேட்டிற் பொலி கூறும் தமிழ் உழவர்க்கு இச்சொல்லின் பொருளை விரிக்க வேண்டா. கொணர்ந்த கதிரை ஐவகை இலையொடு சேர்த்து விளக்கினும் வாயிலினும் பிறவிடங்களினும் கட்டுவர். புதுநெல்லின் மணி பாயசத்திற் சேரும். பழுத்த வாழைப்பழத்தை வறுத்த அரிசிமாவொடு பிசைந்து, தேங்காயும் எள்ளும் நெய்யும் கூட்டிய ‘தம்பிட்டு’ அன்றைய சிறப்புணவு. இளையோர் மூத்தோர் அடிதொட்டு வாழ்த்துப் பெறுவர். பின்னரே இலை போடப்படும். அடுத்து வரும் நாட்களிற் கோலாட்டம் நிகழும் ஊர்ப் பொதுவெளிக்கு ‘மந்து’ என்று பெயர். அது நம் மன்று என்னும் சொல்லின் உடன்பிறப்பே. மன்று என்றவுடன் ஆடல் நினைவுக்கு வருதல் தில்லையை வணங்குவார்க்கு இயல்பன்றோ!

ஈண்டு ஒன்று ஊன்றி நோக்கற்பாலது. புத்தரியன்று அரியப்படுவது ஒரு கைப்பிடிக் கதிரே. வயல் முழுதும் அன்னும் நின்றபடியே நிற்கும். அறுவடை அதன் பின்னரே தொடங்கும். நெல் குதிரிற் சேர்ந்த பின் செலுத்தும் நன்றியன்று இது. இடையே மழை வந்து விளைவைக் கெடுத்தலும் கூடும். யானை புகுந்து மிதித்தலும் கூடும். அவ்வாறிருந்தும், விளைவு தம் கைக்கு வருமுன்னரே அதனைத் தமதென்னாது தந்தவனுக்கு உரியதென்று வைத்து, பின்னர் அவன் தரக்கொண்டு உண்கின்றனர். வரவு கண்டபின் கூறும் நன்றியினும் இது சிறந்ததென்பதில் ஐயமில்லை.

இவ்விழாவிற்கு இன்று நேர்ந்துள்ள இடர் வழிபாட்டின்பாற்பட்டதன்று, நிலத்தின்பாற்பட்டது. 1834-இல் குடகு ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட பின்னர் மலைச்சரிவெங்கும் காப்பித் தோட்டம் பெருகிற்று. பள்ளத்து நெல்வயல்கள் நெடுங்காலம் நின்றன. அண்மைக் காலத்தில் ஆட்கூலி மிகுதியாலும் விலங்குகளின் அழிவாலும் அவையும் பல தரிசாயின. சில வேறு பயிருக்கு மாறின. மக்களிற் பலர் பெங்களூர் முதலிய நகரங்களிற் குடியேறினர். ஆண்டுக் கொடவ சமாஜத்தார் கூடிக் கதிர் எடுத்துப் புத்தரி கொண்டாடுகின்றனர். வேரற்றுப் போதலினும் அது நன்றே. எனினும், கதிர் எங்கிருந்து வரினும் கதிர்தானே என வாதிப்பார் கூற்று முற்றும் ஏற்புடைத்தன்று. தன் உழைப்பில் விளைந்ததனைத் தனதன்றெனக் கொடுப்பதே புத்தரியின் உள்ளீடு. கொண்டுவந்து கொடுக்கப்பட்ட கதிரைக் கட்டுவார்க்கு அங்ஙனம் விடுத்தற்கு யாதுளது? ஐன்மனெயின் கீழ்ப்பள்ளத்து வயலிற் சிறு பகுதியையேனும் நெல்லுக்கென்றே நிறுத்திவைத்தல், அவ்வீட்டில் விளக்கேற்றும் மூத்தோர் இயற்றக்கூடிய காரியமே.