எத்தனால் பெட்ரோலா, மின்சாரக் காரா?

"பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்களாமே, வண்டி கெட்டுப்போகுமா? பேசாமல் பேட்டரி கார் வாங்கிவிடலாமா?" இந்த இரண்டு கேள்விகளும் இப்போது சேர்ந்தே வருகின்றன.

நம் நாட்டு பங்க்குகளில் இன்று பெரும்பாலும் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான். ஒரு லிட்டர் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் ஒரு லிட்டர் எத்தனாலில் உண்டு. அதனால் மைலேஜ் சற்றுக் குறையும். 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான வண்டியென்றால் சர்வீஸின்போது ரப்பர் குழாய்களைப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். வெளிநாட்டில் இருப்பவர்களின் வீட்டில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகளுக்கு இது முக்கியம்.

கரும்பு, மக்காச்சோளம், அரிசியிலிருந்து எத்தனால் எடுக்கிறார்கள். உண்ணும் தானியத்தை டேங்கில் ஊற்றுவது எனக்கு உறுத்துகிறது. பானிபட்டில் வைக்கோலிலிருந்து எடுக்கும் ஆலை 2022இல் திறக்கப்பட்டது. அந்த வழி பெருகினால் நல்லது.

மின்சாரக் கார் ஒரு யூனிட்டில் சுமார் 7 கிலோமீட்டர் ஓடும். யூனிட் 10 ரூபாய் என்றாலும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு, லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், ஆறரை ரூபாய்க்கு மேல். தினம் 50 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மாதம் 7,500 ரூபாய் மிஞ்சும். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவர 10 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு 1,500தான். காருக்குக் கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்ப வெகுகாலம் ஆகும். வாடகை வீட்டில் இருப்போர், சார்ஜ் பாயிண்ட் வைக்க வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்று கேட்டுவிட்டு ஷோரூமுக்குப் போங்கள்.