சிக்னல் இருக்கும்போதே செஞ்சிடுங்க!

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானதுமே நம்ம எல்லோர் கையும் போனைத்தான் தேடும். புயல் எங்கே வருது, பள்ளிக்கூடம் லீவா, யாரைக் கூப்பிடுவது என எல்லாமே அதில்தான். ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது மின்கம்பங்களோடு செல்போன் கோபுரங்களும் சாய்ந்தன. பல கிராமங்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை, போன் பேசவும் வழியில்லை. ஆக, புயலுக்கு உங்கள் போன் அதிகம் உதவப்போவது காற்று வீசத் தொடங்குவதற்கு முன்புதான்.

அதற்கு நேரம் கிடைக்கிறது. கடலோரத்தில் வானிலை மோசமாவதற்கு 48 மணி நேரம் முன்பே இந்திய வானிலை ஆய்வுத் துறை எச்சரிக்கை தருகிறது. 24 மணி நேரம் முன்பு வரும் அடுத்த எச்சரிக்கையில், புயல் எந்த இடத்தில் கரையைக் கடக்கலாம் என்ற விவரமும் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு நாளை வீணாக்காதீங்க.

முதலில் செய்ய வேண்டியவை

• தமிழக அரசின் ‘டிஎன்-அலர்ட்’ செயலியை இறக்கி, அறிவிப்புகளுக்கும் இருப்பிடத்துக்கும் அனுமதி கொடுங்கள். தமிழிலேயே எச்சரிக்கை வரும். வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவை இதில் சரிபார்க்காமல் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

• மாநில அவசரக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, ஆம்புலன்ஸ் 108, மின்சாரப் புகாருக்கு 94987 94987. இந்த எண்களையும் சொந்தக்காரர்கள் நம்பரையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். சார்ஜ் போய்விட்டால் போனுக்குள் இருக்கும் நம்பர் உதவாது.

• ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, வங்கிப் புத்தகம் எல்லாத்தையும் போட்டோ எடுத்து, வெளியூரில் இருக்கும் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்புங்கள். அசலை பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டுங்கள்.

• வீடு, படகு, இன்ஜின், வலை, ஆடு மாடு ஆகியவற்றையும் இப்போதே போட்டோ எடுங்கள். நாளைக்குச் சேதக் கணக்கெடுப்பு நடக்கும்போது, முன்னாடி என்ன இருந்தது என்று காட்ட இது கைகொடுக்கும்.

• உங்கள் பகுதிக்கான பாதுகாப்பு மையம் எது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். பகல் வெளிச்சத்திலேயே ஒரு தடவை போய்ப் பாருங்கள். வழியில் தாழ்வான பாலமோ வாய்க்காலோ இருந்தால் மாற்றுவழியையும் விசாரித்து வையுங்கள்.

கரண்ட் போன பிறகு

போனில் டேட்டாவை அணைத்து, திரை வெளிச்சத்தைக் குறைத்திடுங்க. வீட்டில் நாலு போன் இருந்தால் மூன்றை ஆஃப் செய்து, ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள். அழைப்பு கிடைக்காத நேரத்திலும் எஸ்எம்எஸ் போய்ச் சேர வாய்ப்பு உண்டு. “பத்திரமா இருக்கோம், பள்ளிக்கூடத்துல இருக்கோம்” என்ற ஒரு வரி போதும். செய்தி கேட்க பேட்டரி ரேடியோ ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

காற்று திடீரென்று அடங்கிவிட்டதா? புயல் போயிடுச்சு என்று வெளியே வராதீங்க. புயலின் கண் உங்கள் ஊரைக் கடந்துகொண்டிருக்கலாம். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று மறுபடியும் அடிக்கும். படகைப் பார்க்கவும் ஓடு மாற்றவும் போகிறவர்கள் சிக்கிக்கொள்வது இந்த அமைதியில்தான். அதிகாரப்பூர்வ அறிவிப்பு வந்த பிறகே கதவைத் திறங்கள். அறுந்து கிடக்கும் கம்பியில் கரண்ட் இல்லை என்று நினைத்துத் தொடவே தொடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இந்த எச்சரிக்கை எல்லாம் உங்கள் போனுக்கு வந்துவிடும். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியிடம் போன் இருக்கிறதா? இல்லையென்றால் நேரில் போய்ச் சொல்லுங்க, மையத்துக்குக் கிளம்பும்போது அவரையும் கையோடு கூட்டிட்டுப் போங்க.