வாக்குக் கொடுத்து வாக்குப் பெறுதல்

தமிழில் ‘வாக்கு’ என்னும் சொல் இரு பொருள் தருவது. ஒருவர் மற்றொருவர்க்கு வாயால் அளிக்கும் உறுதியும் வாக்கு. தேர்தலில் குடிமக்கள் அளிக்கும் தீர்ப்பும் வாக்கு. பொதுப் பதவியை நாடும் ஒருவர் முதலில் யாருக்கோ வாக்குக் கொடுக்கிறார். பின்னரே மக்களிடம் வாக்குப் பெறுகிறார். முதல் வாக்கு யாருக்கு, எவ்வாறு கொடுக்கப்படுகிறது என்பது பெரும்பாலும் பொதுமக்கள் கண்ணில் படுவதில்லை. அதனை வெளிப்படையான ஒரு முறையாக்க முயன்றவர்களுள் தொழிலாளர் கட்சியினரும் சமதர்மவாதிகளும் முன்னிற்பவர். அம்முறை யாது, பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகருக்கும் அதற்கும் உள்ள தொடர்பு யாது என்பன ஆராயத்தக்கவை.

தேர்தலில் நிற்பவரை முற்காலத்தில் ‘அபேட்சகர்’ என்றனர். பின்னர் ‘வேட்பாளர்’ என்னும் தூய தமிழ்ச்சொல் நிலைபெற்றது. அபேட்சை என்பதும் விருப்பம்; வேட்பு என்பதும் விருப்பம். ஆகவே இரு சொற்களும் பதவியை விரும்புபவர் என்றே பொருள்படும். அவரை விரும்பியவர் யார் என்பது குறித்து அவை ஒன்றும் கூறா. சட்டமும் ஏறக்குறைய அவ்வாறே. வேட்புமனுவில் முன்மொழிபவர் ஒருவரும் வழிமொழிபவர் ஒருவரும் கையொப்பமிட்டால் சட்டத்தின் தேவை நிறைவேறிவிடும். ஓர் அமைப்பு கூடி, ஆராய்ந்து, ‘இவர் எம்மவர், இவருக்காக நாங்கள் வீடு வீடாகச் செல்வோம்’ என்று கூறுவது சட்டத்திற்கு வெளியே நிகழும் செயலாகும். அதுவே ஒப்புதல் எனப்படுவது.

இவ்வொப்புதலைத் தொழிலாளர் இயக்கம் ஏன் இத்துணை பெரிதாகக் கொண்டது? அதற்குக் காரணம் கசப்பான அனுபவம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1891ஆம் ஆண்டுத் தேர்தலில் தொழிலாளர் தரப்பினர் 35 இடங்களைக் கைப்பற்றினர். ஆனால் சட்டமன்றம் சென்றதும், இறக்குமதி வரி வேண்டுமா வேண்டாமா என்னும் வழக்கில் அவர்கள் இரண்டாகப் பிளந்தனர். தனித்தனியே நல்லவரான பலர் சேர்ந்தும் ஓர் அணியாக இயங்க இயலவில்லை. இதன் பின்னரே, பெரும்பான்மையோர் முடிவுக்குக் கட்டுப்படுவதாக எழுதிக் கையொப்பமிடுபவர்க்கே ஒப்புதல் என்னும் விதி அங்கு வலுப்பெற்றது.

பிரிட்டனிலும் இதே பாடம் வேறு வடிவில் கற்கப்பட்டது. 1900ஆம் ஆண்டு பிப்ரவரியில் லண்டன் மாநகரில் தொழிற்சங்கங்களும் சோஷலிஸ்ட் சங்கங்களும் கூடித் தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழுவை அமைத்தன. அவ்வாண்டுத் தேர்தலில் அக்குழுவின் சார்பில் கீர் ஹார்டி, ரிச்சர்டு பெல் ஆகிய இருவரே வெற்றி பெற்றனர். 1903ஆம் ஆண்டு மாநாடு, பிற கட்சிகளோடு சேர்ந்தியங்குவதில்லை என்னும் உறுதிமொழியை வேட்பாளர்க்கு விதித்தது. அதனோடு, உறுப்பினரிடம் சிறு தொகை திரட்டி, பாராளுமன்றம் செல்வோர்க்கு ஆண்டொன்றுக்கு 200 பவுன் வரை அளிக்கவும் ஏற்பாடு செய்தது. பாராளுமன்ற உறுப்பினர்க்கு அரசு ஊதியம் 1911ஆம் ஆண்டில்தான் வந்தது என்பதை நினைவிற் கொண்டால் இதன் அருமை விளங்கும். செல்வர் தம் கைப்பொருளால் பதவி வகித்த காலத்தில், சுரங்கத்தில் வேலை செய்தவர் பாராளுமன்றம் செல்ல வேண்டுமாயின் அவரைத் தாங்குவோர் வேண்டும். தாங்குவோர் கணக்குக் கேட்பதும் இயல்பே. ரிச்சர்டு பெல் அவ்வுறுதிமொழியில் கையொப்பமிட மறுத்தார். குழுவும் அவரைத் தன்னவராகக் கொள்வதை விட்டது. வெற்றி பெற்ற இருவருள் ஒருவரை இழந்தாலும் விதியை இழப்பதில்லை என்பது அக்குழுவின் முடிவு. 1906ஆம் ஆண்டில் அதன் வேட்பாளர் 29 பேர் வெற்றி பெற்றனர்.

இனி, பினாங்கு. ஜார்ஜ் டவுன் நகரில் 1857ஆம் ஆண்டிலேயே நகர நிர்வாகத்திற்குத் தேர்தல் நடைபெற்றது. 1913ஆம் ஆண்டில் அவ்வுரிமை நீக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1951ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், நகராண்மைக் கழகத்தின் ஒன்பது இடங்களுக்கு மீண்டும் தேர்தல் வந்தது. அதில் ரேடிகல் கட்சி ஆறு இடங்களைப் பெற்றது. பினாங்குத் தொழிற் கட்சிக்குக் கிடைத்தது ஒன்றே. மறு ஆண்டு மலாயா முழுவதற்குமான தொழிற் கட்சி உருவாயிற்று. 1956ஆம் ஆண்டில் நகராண்மைக் கழகத்தின் 15 இடங்களும் தேர்தலுக்கு உரியவையாயின. 1957ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் ஜார்ஜ் டவுன் மாநகர் என்னும் தகுதி பெற்றபோது, அதன் முதல் மேயராக அமர்ந்தவர் தொழிற் கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன். இன்றும் அந்நகரில் ஒரு சாலை அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

மேயரை மக்கள் நேரே தேர்ந்தெடுக்கவில்லை. மன்ற உறுப்பினர் தம்முள் ஒருவரைத் தெரிந்தெடுத்தனர். ஆகவே கட்சியின் ஒப்புதல் இருமுறை வேலை செய்தது. வட்டாரத்தில் யார் நிற்பது என்பதையும், நகரின் தலைமையில் யார் அமர்வது என்பதையும் அதுவே பெரிதும் உறுதி செய்தது. அக்காலத்து மாநகர் மன்றமோ மின்சாரம், குடிநீர், பேருந்து ஆகிய மூன்றையும் நடத்திய பெரிய நிறுவனம். யாருக்கு ஒப்புதல் என்பது, யார் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும் என்பது போன்ற அன்றாடக் காரியங்களையும் தொட்டது. 1957ஆம் ஆண்டில் தொழிற் கட்சியும் மக்கள் கட்சியும் சோஷலிஸ்ட் முன்னணியாக இணைந்தன. 1959ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் முன்னணி எட்டுப் பாராளுமன்ற இடங்களை வென்றது. கோலாலம்பூரின் பங்சார் தொகுதியில் தொழிற்சங்கத் தலைவர் வி. டேவிட் வென்றதும் அவ்வாண்டிலேயே.

ஓர் உள்ளூர் சோஷலிஸ்ட் அமைப்பு இன்று ஒப்புதல் வழங்கும் முறைக்கு அமெரிக்காவின் நியூயார்க் நகரம் தக்க சான்று. அங்குள்ள ஜனநாயக சோஷலிஸ்டுகள் அமைப்பு தனிக் கட்சியன்று. அதன் ஒப்புதல் பெற்றோர் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியின் உட்தேர்தலில் போட்டியிடுகின்றனர். ஒப்புதலை நாடுபவர் வினாத்தாள் ஒன்றுக்கு எழுத்தில் விடையளிக்க வேண்டும். பின்னர் உறுப்பினர் கூட்டத்தில் நேரில் நின்று கேள்விகளுக்கு மறுமொழி கூற வேண்டும். இறுதியில் உறுப்பினர் வாக்களித்து முடிவு செய்வர். ஒப்புதல் கிடைத்தபின் தொண்டர் படை அவருக்காகத் தெருவில் இறங்கும். அவ்வகையில் ஒப்புதல் பெற்ற ஸோரான் மம்தானி 2025ஆம் ஆண்டு நவம்பரில் நியூயார்க் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் கூடும். 2024ஆம் ஆண்டு ஜூலையில், பாராளுமன்ற உறுப்பினர் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்ட்டெஸுக்கு அளித்த ஆதரவை அமைப்பின் மத்தியத் தலைமை விலக்கிக்கொண்டது. நியூயார்க் கிளையோ அவரைத் தொடர்ந்து ஆதரித்தது. தலைமைக்கும் கிளைக்கும் கருத்து வேறுபடக்கூடும் என்பதற்கு இது சான்று.

மலேசியத் தமிழர் நன்கறிந்த சான்று ஒன்றும் உண்டு. 2008ஆம் ஆண்டு மார்ச்சில் சுங்கை சிப்புட் தொகுதியில், நெடுங்கால அமைச்சர் ச. சாமிவேலுவை டாக்டர் ஜெயகுமார் தேவராஜ் தோற்கடித்தார். அவர் மலேசிய சோஷலிஸ்ட் கட்சியைச் சேர்ந்தவர். ஆயினும் அக்கட்சிக்கு அப்போது பதிவு கிடைக்கவில்லை. ஆதலின் அவர் மக்கள் நீதிக் கட்சியின் சின்னத்தில் நின்றார். ஒப்புதல் ஒரு கட்சியுடையது, சின்னம் மற்றொரு கட்சியுடையது. 2018ஆம் ஆண்டில் தம் சொந்தக் கட்சியின் சின்னத்தில் நின்றபோது அவர் தோல்வியுற்றார். மக்கள் வாக்கைத் திரட்டுவதில் சின்னத்தின் வலிமை எத்தகையது என்பதை இது காட்டுகிறது. ஆயினும் பதவியில் இருந்த காலத்தில் தம் சொத்துக் கணக்கைப் பொதுமக்கள் முன் வைத்தது, கட்சிக்கு அவர் கொடுத்த வாக்கின் பயனே எனலாம். கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் நெருங்கிய உறவினரையும் குடவோலைக்குத் தகுதியற்றவராக ஒதுக்கிய உத்தரமேரூர்க் கல்வெட்டை அறிந்த தமிழர்க்கு இக்கோட்பாடு புதியதன்று.

இம்முறைக்கு மறுப்பும் உண்டு. 1774ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகர வாக்காளரிடம் எட்மண்டு பர்க் ஆற்றிய உரையில், பிரதிநிதி தம் அறிவையே மக்களுக்குக் கடன்பட்டிருக்கிறாரேயன்றி அவர்கள் கட்டளைக்குக் கட்டுப்பட்டவரல்லர் என்னும் கருத்தை நிலைநாட்டினார். கட்சிக்கு எழுதிக் கொடுத்தவர், தம்மைத் தேர்ந்தெடுத்த வட்டாரத்தாரை மறந்து கட்சி அலுவலகத்தையே நோக்கி நிற்பார் என்னும் அச்சம் வீணானதன்று. மறுபுறம், கட்டுப்பாடே இன்றேல் நேர்வதை மலேசியர் 2020ஆம் ஆண்டில் கண்டனர். உறுப்பினர் சிலர் அணி மாற, மக்கள் தேர்ந்த ஆட்சி கவிழ்ந்தது. 2022ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கட்சியைத் தாமாக விட்டு விலகும் பாராளுமன்ற உறுப்பினர் பதவியை இழப்பார். கட்சியால் நீக்கப்பட்டவர் இழக்கமாட்டார். கையொப்பத்தால் காக்கப்பட்ட வாக்கு இப்போது அரசியலமைப்பாலும் ஓரளவு காக்கப்படுகிறது.

ஆனால் கட்சிக்குக் கொடுத்த வாக்கு நிலைத்து, மக்கள் அளிக்கும் வாக்கு மறைந்துவிட்டால் என்ன ஆகும்? ஜார்ஜ் டவுன் அதனையும் கண்டது. இந்தோனேசியாவுடன் மூண்ட மோதலைக் காரணங்காட்டி 1965ஆம் ஆண்டு மார்ச்சில் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 1966ஆம் ஆண்டில் மாநகர் மன்றத்தின் அதிகாரம் மாநில அரசின் கைக்கு மாறிற்று. ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணைக் குழு 1968ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையில், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு அதனை ஏற்கவில்லை. தொழிற் கட்சி 1969ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலைப் புறக்கணித்தது. 1972ஆம் ஆண்டில் அதன் பதிவு நீக்கப்பட்டது. 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அச்சட்டப்படி 8 முதல் 24 வரையிலான உறுப்பினரை மாநில அரசே நியமிக்கிறது.

சமதர்மத்தைக் கொள்கையாக அறிவித்துத் தோன்றிய ஜனநாயகச் செயல் கட்சி 2008ஆம் ஆண்டில் பினாங்கின் ஆட்சிக்கு வந்தது. தேர்தலை மீட்க 2012ஆம் ஆண்டில் மாநிலச் சட்டம் ஒன்றும் இயற்றப்பட்டது. 2014ஆம் ஆண்டு ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது எனத் தீர்ப்பளித்தது. ஆகவே, அன்று வட்டார மக்கள் முன் சென்று நின்ற மன்ற உறுப்பினர் இன்று கட்சிகளின் பங்கீட்டால் அமர்கின்றனர். அவரை முன்மொழிவதும் கட்சி, அமர்த்துவதும் கட்சிகளின் ஆட்சியே. ஒப்புதல் இருக்கிறது; அதனைச் சரிபார்க்கும் மக்கள் இல்லை.

குடிமை பற்றி வகுப்பில் பேசும் ஆசிரியர், வாக்குச் சீட்டில் அடையாளமிடுவதோடு பாடத்தை முடித்துவிடாமல், அதற்கு முந்திய படியையும் மாணவர்க்கு எடுத்துக்காட்டுதல் நன்று. பதவிக்கு வர விரும்புபவரிடம் மூன்று வினாக்கள் கேட்கப்படல் வேண்டும்: உம்மைத் தெரிந்தவர் யார்? அவர்க்கு நீர் கொடுத்த வாக்கு யாது? அவ்வாக்கை மீறினால் உம்மை விலக்கும் உரிமை யாரிடம் உள்ளது? மூன்றாம் வினாவுக்கு ‘மக்களிடம்’ என்னும் விடையை ஜார்ஜ் டவுன் மன்றத்தைப் பொறுத்தவரை 1960களின் தொடக்கத்தில் கூற முடிந்தது. இன்று கூற முடியவில்லை. தேர்தலை மீட்க வேண்டும் என்னும் கோரிக்கை இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அந்நகரில் எழுவதற்கு இதுவே காரணம்.